மேடா, குழியா? செவ்வாய்ப் படத்தை ஜோடியாக வைத்துப் பார்த்த கதை

கேள்வி (கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி): அண்ணா, செவ்வாய்க் கிரகப் படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். நடுவில் வட்டமாக ஒரு மேடு எனக்குத் தெரிகிறது. மச்சானுக்கு அது குழியாம். ஒரே போன், ஒரே படம். பிரியாணி பந்தயம் வேறு கட்டியாகிவிட்டது. யாருக்குக் கண் கோளாறு?

13 ஜூலை, இரவு 10.40

ரெண்டு பேர் கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. வம்பு பண்ணுவது வெளிச்சம். வெளிச்சம் மேலிருந்துதான் விழும் என்று நம் மூளை முடிவு கட்டி வைத்திருக்கிறது. சூரியன், தெருவிளக்கு, டியூப்லைட் எல்லாம் மேலேதானே. பக்கவாட்டில் வெயில் அடித்த படத்தைக் காட்டினால் அது குழம்பிப்போய், இஷ்டத்துக்கு மேடு என்றோ குழி என்றோ சொல்லிவிடும்.

நீங்கள் அனுப்பியது ஹைரைஸ் கேமரா எடுத்த படம். அதைச் சுமக்கும் மார்ஸ் ரெகனசன்ஸ் ஆர்பிட்டர் 2006 முதல் செவ்வாயைச் சுற்றுகிறது. எந்த ஊர் மேலே போனாலும் அந்த ஊருக்கு அப்போது ஏறக்குறைய பிற்பகல் மூன்று மணி இருக்கும்படி அதன் பாதையை அமைத்திருக்கிறார்கள். மூன்று மணி வெயில் மேற்கிலிருந்து வரும். வடக்கை மேலே வைத்து வரைபடமாக்கிய படத்தில் மேற்கு என்றால் இடப்பக்கம். ஆகவே போனை வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். வெயில் மேலே வந்துவிடும். இப்போது தெரிவதை நம்பலாம்.

எனக்கென்னவோ மேடாகத்தான் படுகிறது.

14 ஜூலை, காலை

ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டுத் திருப்புங்கள். நேற்று நான் திருப்பத் திருப்பப் படமும் கூடவே நிமிர்ந்துகொண்டது. அஞ்சு நிமிஷம் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் உறைத்தது.

18 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. ஆண்டர்சன் தெருவில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை ஒன்றுகூட மெஷினில் ஏறவில்லை. முதலாளி மதியமே கிளம்பிவிடுகிறார். அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படத்தை வைத்து எத்தனை திருப்பினாலும் அது ஊகம்தான். மேடா குழியா என்று அடித்துச் சொல்ல இரண்டு படம் வேண்டும். ஒரே இடத்தை இரண்டு கோணத்திலிருந்து எடுத்தவை. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். தண்டவாளத்தை ஒட்டிய கம்பம் விருட்டென்று பின்னால் ஓடும். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கி மட்டும் நகராமல் கூடவே வரும். கிட்டே இருப்பது அதிகம் நகரும், எட்ட இருப்பது கொஞ்சமாக நகரும். மேலே பறக்கிற விண்கலத்துக்கு மலை உச்சி கிட்டே, பள்ளம் எட்டே. இரண்டு படத்திலும் ஒரே பாறையைக் கண்டுபிடித்து, அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தால் உயரம் வந்துவிடும்.

பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்கேலைச் சாய்ந்து பார்த்தால் 'இடமாறு தோற்றப் பிழை' என்று திட்டு விழுமே, அதே பிழைதான். அங்கே அதற்கு மார்க் குறையும், இங்கே அதுதான் சரக்கு.

நம் ஆட்களும் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 2005 மே மாதம் போன கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளில் இரண்டு கேமரா. ஒன்று 26 பாகை முன்னால் சாய்ந்து பார்க்கும், இன்னொன்று 5 பாகை பின்னால். 2008 அக்டோபரில் கிளம்பிய சந்திரயான்-1இல் இருந்த நிலப்பரப்புக் கேமராவுக்கு மூன்று பார்வை: முன்னால் 25 பாகை, நேர் கீழே, பின்னால் 25 பாகை. நிலாவுக்கு 100 கி.மீ. மேலிருந்து, 20 கி.மீ. அகலத்துக்கு, 5 மீட்டர் விவரம். அந்தப் படங்களை வைத்துத்தான் 'புயல்களின் பெருங்கடல்' என்கிற எரிமலைக்குழம்புச் சமவெளியில், கூரை இடியாமல் நிற்கும் ஒரு குழம்புக் குகையை அகமதாபாத் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

கார்ட்டோசாட்டின் இரண்டு கேமராவும் ஒரே நேரத்தில் எடுப்பதால் படத்தில் எதுவும் நகர்ந்திருக்காது.

19 ஜூலை

மேலே உள்ள கடைசி வரி தப்பு. கேமரா இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் என்பது சரி. ஆனால் முன்னால் பார்ப்பது காட்டிய இடத்தின்மேல் பின்னால் பார்ப்பது வந்து சேர 52 வினாடி போல ஆகும். அதற்குள் காசிமேட்டுப் படகு நகர்ந்திருக்கும், அலை நகர்ந்திருக்கும். எண்ணூர் விரைவுச் சாலைக் கண்டெய்னர் லாரி மட்டும் அங்கேயேதான் நிற்கும். துல்லியமாக அளக்க அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

22 ஜூலை, இரவு

கேட்டவர் படத்துக்கே ஜோடி இருக்கிறது! ஹைரைஸ் ஒரே கேமராதான், அதனால் ஒரே பறப்பில் ஜோடி எடுக்க முடியாது. ஒருமுறை எடுத்துவிட்டு, நாளோ வாரமோ மாதமோ கழித்து இன்னொரு சுற்றில் விண்கலமே சாய்ந்து அதே இடத்தை மறுபடி எடுக்கும். அந்த இரண்டையும் ஒன்று சிவப்பு, ஒன்று சயான் (பச்சை கலந்த நீலம்) என்று மேலே மேலே ஏற்றிய படமாகவும் பொதுவில் போட்டிருக்கிறார்கள்.

இது என் தொழில். சிவப்பும் சயானும் விலகி நிற்கிற தாளை வாடிக்கையாளர் பார்த்தால் 'ரெஜிஸ்டர் அவுட்' என்று மூஞ்சியில் வீசிவிட்டுப் போவார். முப்பது வருஷமாக அந்த விலகலை ஒழிக்கத்தான் சம்பளம் வாங்குகிறேன். இன்றைக்கு வேண்டுமென்றே விலகிய படத்தை ஏ3 தாளில் போட்டு எடுத்தேன். தாளில் 1 மி.மீ. என்பது செவ்வாயில் 2 மீட்டர் வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

மகள் எட்டாவது படிக்கிறாள். பழைய பத்திரிகை அட்டையை வெட்டி, பூக்கடையில் வாங்கிய சிவப்பு, நீலக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி ஒரு மூக்குக்கண்ணாடி செய்தாள். படம் பேய் மாதிரி இரட்டையாகத் தெரிகிறது என்றாள். அது காகிதத்தின் குற்றமில்லை, சயான் மையின் குற்றம். எந்தக் கம்பெனி சயானும் பச்சையையும் கொஞ்சம் விழுங்கும். அதனால் நீலக் கண்ணாடி வழியே முழுசாக மறையாது, மங்கலாக எட்டிப் பார்க்கும். மையைக் கொஞ்சம் குறைத்து இன்னொரு தாள் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டே இருந்தவள், "அப்பா, எழும்பி வருது! உள்ளே பெரிய குண்டான் கவிழ்த்த மாதிரி!" என்று கத்தினாள்.

நான் அச்சு பார்க்கும் பூதக்கண்ணாடியை, அதாவது லூப்பை, வைத்து அளந்தேன். விளிம்பில் ஒரு சின்னப் பாறை. அதன் சிவப்பு நிழலுக்கும் சயான் நிழலுக்கும் இடையில் 1.5 மி.மீ. நடுவில் அதே மாதிரி ஒரு பாறைக்கு, எதிர்ப்பக்கமாக 6 மி.மீ. மொத்த விலகல் 7.5 மி.மீ., அதாவது நிலத்தில் 15 மீட்டர். ஒரு படம் நேர் கீழே, இன்னொன்று 20 பாகை சாய்வு என்று வைத்தால் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.36 மீட்டர் விலகும். 15ஐ 0.36ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42 மீட்டர்.

42 மீட்டர் உயர மேடு. பிரியாணி தம்பிக்கு. மச்சான் கண் மருத்துவரைப் பார்க்கட்டும்.

26 ஜூலை

எண்ணூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: இவ்வளவு சுலபம் என்றால் முழுக் கிரகத்தையும் இப்படியே அளந்து முடித்திருக்கலாமே?

நீங்களே சொல்லுங்கள், உங்கள் ஊர்ச் சாம்பல் குளத்தை உச்சி வெயிலில் இரண்டு போட்டோ எடுத்துக் கொடுத்தால், முதல் படத்தின் எந்தப் புள்ளி இரண்டாம் படத்தின் எந்தப் புள்ளி என்று காட்ட முடியுமா? எங்கே பார்த்தாலும் ஒரே சாம்பல் நிறம், பிடித்துக்கொள்ள ஒரு கல் கிடையாது. செவ்வாயில் தூசி படிந்த சமவெளி அப்படித்தான். கணினி நிரல் ஒரு சின்னச் சதுரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த படத்தில் அதன் ஜாடையைத் தேடும். ஜாடையே இல்லாத இடத்தில் ஏதோ ஒன்றைப் பிடித்துவிடும். உயர வரைபடத்தில் அங்கெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி பொரிப்பொரியாக வரும். இல்லாவிட்டால் சுற்றியுள்ள உயரத்தை இழுத்து மூடி வழவழவென்று காட்டும். எனக்கு அந்த வழவழப்புதான் பயம். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுகிறதே.

ஜோடிக்கு நடுவில் நாள் கடந்தால் இன்னொரு வம்பு. வெயில் சாய்ந்திருக்கும், நிழல் இடம் மாறியிருக்கும், பருவம் மாறி உறைபனி படிந்திருக்கும். நிரலோ நகர்ந்த நிழலை நகர்ந்த பாறை என்று எடுத்துக்கொள்ளும். இதற்காகவே 2003 கடைசியில் செவ்வாயை அடைந்த ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸில் வேறு மாதிரி கேமரா வைத்தார்கள். ஒன்பது வரிசை உணரிகள். நேர் கீழே ஒன்று, ஏறக்குறைய 19 பாகை முன்னும் பின்னும் ஒவ்வொன்று, நிறங்களுக்குச் சில. ஒரே பறப்பில் ஜோடி கிடைத்துவிடும், நிழல் தொல்லை இல்லை. ஆனால் விவரம் பத்து மீட்டர் சுற்றில்தான். ஹைரைஸுக்கு ஒரு புள்ளி 25 முதல் 30 செ.மீ. ஊரையே பார்க்க ஐரோப்பியக் கேமரா, திண்ணையைப் பார்க்க ஹைரைஸ்.

28 ஜூலை, காலை 6 மணி

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் ஒரே வரி கேட்டிருந்தார்: "சிவப்புத் தாள் எந்தக் கண்ணுக்கு ஒட்டினீர்கள்?"

மகள் தூங்குகிறாள். கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு வலது பக்கம். இந்தப் படங்களுக்கு இடது கண்ணுக்குத்தான் சிவப்பு. மாற்றிப் போட்டால் இடது கண்ணுக்கு வலதின் படம் போகும், மேடெல்லாம் குழி, குழியெல்லாம் மேடு.

குண்டானைக் கவிழ்த்ததில்லை. மல்லாக்க வைத்திருக்கிறது.

28 ஜூலை, மதியம்

காலையில் விட்டதைச் சொல்கிறேன். லூப் வைத்து அளந்தவன் எது மேலே எது கீழே என்பதை ஏன் மகள் வாய்வார்த்தைக்கு விட்டேன் என்று கேட்பீர்கள். அந்த மூக்குக்கண்ணாடி எனக்கு வேலை செய்யாது. ஒன்பது வயதில் கில்லி விளையாடும்போது வலது கண்ணில் அடி. வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் படம் எழும்பும். எனக்கு என்றைக்கும் எழும்பியதில்லை. சிவப்பும் சயானும் விலகி நிற்கிற கெட்ட அச்சாகத்தான் தெரியும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஏதோ நானே பார்த்த மாதிரி எழுதிவிட்டேன்.

ஆனால் அளப்பதற்கு ஒற்றைக் கண் போதும். யோசித்தால் அந்த நிரலும் என்னைப் போலத்தான். அதற்கும் எழும்பித் தெரிவதில்லை, விலகலை எண்ணத்தான் தெரியும். எந்தப் பக்கம் விலகினால் மேடு என்பதை மட்டும் நான் ஒழுங்காகக் கவனித்திருக்க வேண்டும்.

இன்னும் அசிங்கம் ஒன்று இருக்கிறது. 13ஆம் தேதி நானே எழுதியிருக்கிறேன், வெயில் இடப்பக்கமிருந்து என்று. இடப்பக்கம் வெயில் என்றால் குழியின் இடப்பக்கச் சுவர்தான் நிழலில் இருக்கும். மேடாக இருந்தால் வலப்பக்கம் கறுக்கும். படத்தில் கறுத்திருப்பது இடப்பக்கம். கண்ணாடி, மை, லூப் எதுவும் வேண்டியதில்லை. நான் எழுதியதை நானே படித்திருந்தால் போதும்.

மச்சானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

2 ஆகஸ்ட்

பெரம்பூர் நண்பர்: "இத்தனை பாடு பட்டு மேடு பள்ளம் அளந்து என்ன செய்யப்போகிறார்கள்?"

எனக்குப் பிடித்த கதை ஒன்று. செவ்வாயில் சில சரிவுகளில் வெயில் காலத்தில் கறுப்பாகக் கோடு இறங்கும், நீளும், குளிரில் மங்கிவிடும். மறுவருஷம் திரும்ப வரும். 2011இல் இதைச் சொன்னபோதே உப்புத் தண்ணீராக இருக்குமோ என்று பேச்சு. 2015இல் அங்கே நீர் கலந்த உப்புகளின் தடயம் என்று செய்தி வந்ததும் உலகமே துள்ளியது. நானும் டீக்கடையில் "செவ்வாய்க்குத் தண்ணி வந்தாச்சு, நம்ம தெருவுக்குத்தான் லாரி இன்னும் வரல" என்று பேசிக் கைத்தட்டு வாங்கினேன்.

2017இல் ஒரு குழு, ஜோடிப் படங்களிலிருந்து செய்த உயர வரைபடங்களை எடுத்துக்கொண்டு, 10 இடங்களில் 151 கோடுகளின் சரிவை அளந்தது. ஏறக்குறைய எல்லாமே 27 பாகைக்கு மேல் செங்குத்தான இடங்களில். சரிவு குறைந்ததும் கோடு நின்றுவிடுகிறது. தண்ணீராக இருந்தால் சாய்வு குறைந்த இடத்திலும் கொஞ்ச தூரம் ஊர்ந்துபோயிருக்க வேண்டாமா? உலர்ந்த மணல்தான் அப்படி ஒரு சாய்வு வந்ததும் சட்டென்று நிற்கும்.

எங்கள் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருவில் யாராவது ஒருத்தர் மாடி எழுப்பிக்கொண்டேதான் இருப்பார். வாசலில் எம்-சாண்ட் குவியல். நேற்று சாயங்காலம் மகளும் நானும் ஒரு மரச்சட்டத்தைக் குவியலின் சாய்வில் படுக்கவைத்து, அதன்மேல் போனை வைத்து, மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்தோம். 34 காட்டியது. அந்தப் பக்கம் 33. மேலே ஒரு கைப்பிடி போட்டாள். சரசரவென்று நாக்கு மாதிரி ஒரு ஓட்டம் இறங்கி, அடிவாரத்துக்கு முன்னாலேயே நின்றது. மேஸ்திரி எங்களை ஒரு மாதிரி பார்த்தார். முந்தாநாள் மழையில் நனைந்திருந்த மூலையில் மட்டும் மணல் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது, அதை அளக்கவில்லை.

அந்தக் கோடுகள் ஏன் வருஷா வருஷம் வருகின்றன என்ற கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தண்ணீர் ஓடுகிறது என்று இனி டீக்கடையில் பேச மாட்டேன்.

5 ஆகஸ்ட்

லேசர் இருக்கும்போது போட்டோ எதற்கு என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தில் இருந்த லேசர் 2001 வரை சுமார் 60 கோடி தடவை தரையைத் தட்டி உயரம் எடுத்தது. உயரத்தில் அசைக்க முடியாத கணக்கு. ஆனால் ஒவ்வொரு தட்டும் நிலத்தில் ஏறக்குறைய நூற்றைம்பது மீட்டர் அகலமுள்ள வட்டம், தட்டுக்குத் தட்டு 300 மீட்டர் இடைவெளி. பாதைக்கும் பாதைக்கும் நடுவில் நிலநடுக்கோட்டுப் பக்கம் சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் வெற்றிடம். தம்பியின் குழியே அதில் விழுந்து காணாமல் போய்விடும்.

ஜோடிப் படத்துக்கு எதிர்க்குறை. பக்கத்துப் பாறைக்கும் இதற்கும் உயர வித்தியாசம் அழகாகச் சொல்லும். மொத்தமாக எந்த மட்டத்தில் இருக்கிறோம் என்று கேட்டால் திணறும், முழுப் படமும் ஒருபக்கம் சாய்ந்துவிடும். அதனால் லேசர் புள்ளிகளில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். கல்யாணப் பந்தல் மாதிரி: லேசர் கால் நடும், போட்டோ துணி விரிக்கும்.

6 ஆகஸ்ட்

மனித முகம் மாதிரித் தெரிந்த அந்தச் 'செவ்வாய் முகம்' பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம். 1976 ஜூலையில் வைக்கிங்-1 எடுத்த படம், சாய்ந்த வெயில், மங்கல் விவரம். 2001இல் கிட்டத்தில் தெளிவாக எடுத்தபோது அரித்துப்போன ஒரு சாதாரணக் குன்று. மேலே 13ஆம் தேதி குறிப்பைப் படியுங்கள். நான் படிக்காமல் விட்டது போதும்.

9 ஆகஸ்ட்

பேச்சு நிலாவுக்குப் போனதால்: சந்திரயான்-2 லேண்டர் விழுந்தாலும் ஆர்பிட்டர் மேலே நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் உள்ள கூர்நோக்குக் கேமரா 100 கி.மீ. உயரத்திலிருந்து 25 செ.மீ. விவரம் பார்க்கும். ஒரு சுற்றில் ஒரு கோணம், இன்னொரு சுற்றில் வேறு கோணம் என்று அதே ஜோடி வித்தைதான். 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 இறங்கிய இடத்தை ஆராய இந்தக் கேமராவின் படங்கள் உதவின. இறங்குகிற இடத்தில் சரிவு எவ்வளவு, பாறை எவ்வளவு பெரிது என்று தெரியாமல் காலை வைக்க முடியாதே. லேண்டர் கவிழ்ந்தால் 'கண்ணாடி மாறிப்போச்சு' என்று யாரிடம் போய்ச் சொல்வது.

14 ஆகஸ்ட், இரவு

ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் வந்து குவிந்துவிட்டன. நாளையிலிருந்து மெஷினை விட்டு நகர முடியாது, இந்தக் கணக்கை மட்டும் முடித்துவிடுகிறேன்.

தம்பியின் குழிக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்த உயர வரைபடமே இருக்கிறது, மகள்தான் தேடிக் கண்டுபிடித்தாள். விளிம்பிலிருந்து தரை வரை 46 மீட்டர். நான் சொன்னது 42. நாலு மீட்டர் எங்கே போனது என்று பார்த்தால், ஒரு படம் நேர் கீழே எடுத்தது என்று நானாக வைத்துக்கொண்டதுதான் தப்பு. படத்தோடு வரும் குறிப்பில் ஒன்று 6 பாகை ஒரு பக்கம், இன்னொன்று 13 பாகை மறுபக்கம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. 0.105ஐயும் 0.231ஐயும் கூட்டினால் 0.336. 15ஐ அதனால் வகுத்தால் 44.6. மிச்சம் ஒன்றரை மீட்டருக்குத் தாளில் கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அது என் லூப் கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். நாலு கலர் பத்திரிகையில் கால் மில்லிமீட்டர் விலகியிருந்தால் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

புதுக் கண்ணாடி செய்தாகிவிட்டது. சிவப்புப் பக்கத்துக் காம்பில் 'இடது' என்று மகள் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிவைத்திருக்கிறாள்.

தம்பி, மச்சானுக்கு மட்டன்தான் வாங்கித் தர வேண்டும். கோழி செல்லாது.